முதல் பேஸ் கிட்டாரைக் கடைக்குப் போய் வாசித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். விருதுநகரில் இருக்கிறீர்கள். சர்ச் குழுவில் இரவல் பேஸ் ஒன்றை வைத்துச் சில மாதங்களாக வாசிக்கிறீர்கள். சொந்தமாக ஒன்று வாங்க 25,000 ரூபாய் வரை சேர்த்திருக்கிறீர்கள். ஆன்லைனில் விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறது. மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏறிப் போய் வாசித்துப் பார்த்து வாங்குவதில் லாபம் உண்டா என்று கேட்கிறீர்கள். கூடவே, நான்கு தந்தியா ஐந்து தந்தியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: ‘எனக்கே நாலைந்து பாட்டுதான் வாசிக்க வரும், கடையில் எதை வைத்து நல்லது கெட்டது சொல்வேன்?’ உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. போகலாமா என்பதை விட, போனால் எனக்குத் தெரியுமா என்பதுதான் உங்களைத் தயங்க வைக்கிறது.

தெரியும். வாசிப்பில் தேர்ந்தவர்களுக்கு மட்டும் பிடிபடும் விஷயம் இதில் குறைவு. பல வருடங்களாக பேஸ் வாசிக்கிறேன், சொல்லிக்கொடுக்கிறேன், மாணவர்களோடு கடைக்கும் போய் வருகிறேன். நான் பார்த்த வரையில் கடையில் தவறு நடப்பது திறமை போதாததால் அல்ல, பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்ப்பதால். வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம்: தந்தி, தந்தியின் உயரம், பிக்கப்பின் (தந்தியின் அசைவைப் படிக்கும் காந்தத்தின்) உயரம், ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) வைக்கும் டோன். மாற்ற முடியாதவை, அல்லது மாற்றினால் செலவு பிடிப்பவை இன்னொரு பக்கம்: நெக்கின் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்தின்) வடிவம், மரம் நேராக இருக்கிறதா என்பது, ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலை, எடை, தோளில் தொங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. முதல் வகை கடையில் காதை உடனே இழுக்கும். நீங்கள் பஸ் ஏறிப் போவது இரண்டாவது வகையைப் பார்க்க. அதற்கு நாலு பாட்டு தாராளமாகப் போதும்.

நெக்கிலிருந்து தொடங்குகிறேன். கைக்கு ஒத்து வருகிறதா என்பதை எந்த வீடியோவும் சொல்லாது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, உடலில் தந்தி தொடங்கும் பிரிட்ஜிலிருந்து நெக்கின் நுனியில் அது உட்காரும் நட் வரை தந்தியின் நீளத்தை 34 அங்குலமாக வைத்தார். இன்றும் கடையில் தொங்கும் பெரும்பாலான பேஸ்கள் அதே அளவுதான். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் நீளம் மாறவில்லை, ஆனால் நட் பக்கம் நெக் ஒன்றரை அங்குலமாக, சுமார் 38 மில்லிமீட்டராகக் குறுகியது. பிரிசிஷன் வகை நெக் இன்று பொதுவாக 41, 42 மில்லிமீட்டரில் வருகிறது. மூன்று நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இடது கை முதல் ஃப்ரெட்டுக்குப் போனதும் அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். நான்கிலும் தடித்த இ (E) தந்தியில் முதல் ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்துங்கள், சுண்டு விரலை மூன்றாவது ஃப்ரெட்டில் வையுங்கள். அப்படியே நான்கு தந்திகளிலும் மெதுவாக மேலே ஏறி இறங்குங்கள். மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்குகிறதா, கட்டைவிரலின் அடியில் வலி தொடங்குகிறதா என்று கவனியுங்கள். இதை உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை செய்ய வேண்டும். கை சிறியது என்றால் 30 அங்குல நீளமுள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது சிறு பிள்ளைகளுக்கானது என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். பால் மெக்கார்ட்னி வாசித்த வயலின் வடிவ ஹோஃப்னரின் நீளம் அதுதான்.

நின்று வாசிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் பெரும்பாலும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். உங்களிடம் உள்ள ஸ்ட்ராப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வழக்கமாகத் தொங்கவிடும் உயரத்தில் பேஸை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள், ஆனால் பிடிக்கத் தயாராக இருங்கள். நெக் அப்படியே நின்றால் நல்லது. ஹெட்ஸ்டாக், அதாவது டியூனிங் கீகள் உள்ள நெக்கின் தலைப்பகுதி, கனத்தால் நெக் தரையை நோக்கி இறங்கினால், வாசிக்கும் நேரம் முழுக்க அதை இடது கையால் தாங்கிக்கொண்டே இருப்பீர்கள். தாங்க வேண்டிய கைக்கு விரல்களைச் சுதந்திரமாக நகர்த்த முடியாது. இது வடிவத்தால் வருவது. உடலின் மேல் கொம்பு 12-ஆவது ஃப்ரெட்டை ஒட்டி நீண்டிருக்கும் பேஸ்களில் இந்தத் தொல்லை குறைவு, கொம்பு குட்டையாக உள்ளவற்றில் அதிகம். அகலமான, சொரசொரப்பான ஸ்ட்ராப் போட்டால் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சமாளிக்கும். முழுத் தீர்வு அல்ல. எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நான்கு கிலோவை ஒட்டி இருந்தால் சாதாரணம். நாலரையைத் தாண்டினால், ஆராதனை முடியும் வரை நின்று வாசிக்கும் உங்கள் தோளுக்கு அது தெரியும். கடையில் ஐந்து நிமிடத்தில் எதுவுமே கனமாகத் தெரியாது என்பதால், மாட்டியபடியே ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள்.

அப்புறம் ஆம்ப். அதை உடனே போடச் சொல்லாதீர்கள். முதலில் கேபிள் சொருகாமல் வாசியுங்கள். ஒரு நீளமான ஸ்வரத்தை மீட்டிவிட்டு, பேஸின் மேல் கொம்பை உங்கள் தாடை எலும்பில் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். மரத்தின் அதிர்வு நேராகக் காதுக்குள் போகும், சுற்றிலும் எவ்வளவு சத்தம் இருந்தாலும் கேட்கும். இப்போது இ தந்தியில் முதல் ஃப்ரெட்டில் தொடங்கி ஒன்று கூட விடாமல் கடைசி வரை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பிறகு ஏ, டி, ஜி. ஒவ்வொரு ஸ்வரத்தையும் மூன்று நான்கு நொடி நிற்க விடுங்கள், ஒரே பலத்தில் மீட்டுங்கள். இது பாட்டு அல்ல, யாரும் கைதட்டப் போவதும் இல்லை, ஆனால் கடையில் நீங்கள் செய்யப்போகும் மிக முக்கியமான வேலை இதுதான். இரண்டு விஷயங்களுக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

முதலாவது, தந்தி ஃப்ரெட்டில் உரசி கிர்ரென்று கேட்பது. நெக் முழுக்கப் பரவலாகக் கேட்டால் பெரும்பாலும் செட்டப் (தந்தி உயரம், நெக் வளைவு போன்றவற்றின் சரிக்கட்டு) கோளாறு, சரிசெய்துவிடலாம். ஒரே ஓர் இடத்தில், உதாரணமாக ஒன்பதாவது ஃப்ரெட்டில் மட்டும், நான்கு தந்திகளிலும் கேட்டால் அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தட்டி அமர்த்தவோ ராவிச் சமன் செய்யவோ ஆள் தேட வேண்டும். புது பேஸ் வாங்கி அந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை, வேறு பீஸ் கேளுங்கள்.

இரண்டாவதைப் புதிதாக வாங்குபவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். டெட் ஸ்பாட் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் மட்டும் மீட்டியதும் சட்டென்று செத்துவிடும். ஃபெண்டர் பாணியில் நெக்கைத் திருகாணியால் பூட்டிய பேஸ்களில் இது அதிகம் தென்படுவது ஜி தந்தியில், ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள். காரணம் இயற்பியல்தான். நெக் என்பது ஒரு முனையில் பிடித்திருக்கும் மரக்கட்டை. அதற்கென்று சில அதிர்வெண்களில் எளிதாக ஆடும் குணம் உண்டு. தந்தியின் ஸ்வரம் அந்த அதிர்வெண்ணோடு பொருந்திவிட்டால், தந்தியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்ளும், ஸ்வரம் நிற்காது. ஒரு மாணவரோடு போயிருந்தபோது ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு பீஸ்களை இறக்கச் சொன்னோம். முதல் பேஸில் ஜி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட் நன்றாக நின்றது. ஆறாவதில் விரல் வைத்து மீட்டினார், ஒரு நொடியில் அடங்கிவிட்டது. ஏழாவது மறுபடி நின்றது. விரலைச் சரியாக வைக்கவில்லையோ என்று அவரே இரண்டு மூன்று தடவை மாற்றி வைத்துப் பார்த்தார். ஹெட்ஸ்டாக்கின் நுனியைச் சுவரோரம் இருந்த மர அலமாரியில் லேசாக ஒட்டி வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். அதே ஸ்வரம் எழுந்து நின்றது. நெக்கின் ஆட்டத்தைத் தடுத்ததும் தந்தி தன் சக்தியை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டாவது பீஸில் அதே இடம் கொஞ்சம் மங்கலாக இருந்ததே தவிர சாகவில்லை. விலை ஒன்று, பெட்டியில் அச்சிட்ட பெயர் ஒன்று, ஆனால் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அவருக்கு அப்போது மேஜர் ஸ்கேல் ஒன்றுதான் தெரியும்.

லேசான டெட் ஸ்பாட் நல்ல விலையுள்ள பேஸ்களிலும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை முழுக்க ஒழித்த பேஸைத் தேடி அலைய வேண்டாம். பக்கத்து ஸ்வரங்களோடு ஒப்பிட்டால் பாட்டின் நடுவில் பள்ளமாகத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஹெட்ஸ்டாக்கில் எடை கூட்டும் சிறு கிளாம்பைப் பொருத்தினால் அந்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகரும். சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் எங்கே போய் நிற்கும் என்பதை வாங்கும் முன் யாராலும் உறுதி கூற முடியாது.

இதிலிருந்து வரும் ஒரு பழக்கம் நம் ஊரில் பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். ஃப்ரிட்ஜ், மிக்ஸி வாங்கும்போது காட்சிக்கு வைத்ததை விட்டுவிட்டுப் பெட்டி பிரிக்காத பீஸைக் கேட்போம். பேஸ் விஷயத்தில் நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துத் தேர்ந்தெடுத்த அந்த ஒரு பீஸைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ‘இது டிஸ்பிளே பீஸ், உள்ளேயிருந்து புதுசா எடுத்துத் தருகிறேன்’ என்று கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது உள்ளிருந்து வந்ததையும் முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். ஹெட்ஸ்டாக்கிலோ நெக் தட்டிலோ உள்ள சீரியல் நம்பரை போனில் படம் எடுத்துக்கொண்டு, பில்லில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்பிளே பீஸில் சின்னக் கீறல் இருந்தால் அதைக் காட்டி விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், பல கடைகளில் குறைப்பார்கள்.

மரம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதும் கடினமல்ல. பேஸைப் படுக்கவைத்தபடி ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி லேசாக வளைந்திருந்தால் பிரச்சினை இல்லை, அந்த வளைவைத்தான் ட்ரஸ் ராட் என்ற உள்ளிருக்கும் இரும்புக் கம்பி கட்டுப்படுத்துகிறது. ஒரு விளிம்பு ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமுமாக முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முறுக்கை ட்ரஸ் ராட் சரிசெய்யாது. வளைவை அளக்க, இ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் தந்தியே ஸ்கேலாகிவிடும். ஏழு எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி, அதாவது 0.3 மில்லிமீட்டர் போல, இருந்தால் சரி. இடைவெளி அதிகமாக இருந்தால் கடையில் இருக்கும் டெக்னீஷியனிடம் ட்ரஸ் ராடைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ராட் வேலை செய்கிறது, இன்னும் திருப்ப இடம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி. நீங்களே ஆலன் கீயைப் போட்டுத் திருப்ப வேண்டாம், பொருள் இன்னும் கடைக்காரருடையது. விரலை நெக்கின் ஓரமாக மேலும் கீழும் ஓட்டி, ஃப்ரெட்டின் முனைகள் குத்துகிறதா என்றும் பாருங்கள். மரம் உலர்ந்து சுருங்கும்போது ஃப்ரெட்டின் உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டிக்கொள்ளும்.

தந்தி உயரமாக இருக்கிறது, அழுத்தக் கஷ்டமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பேஸை ஒதுக்காதீர்கள். 17-ஆவது ஃப்ரெட்டில் இ தந்தி சுமார் இரண்டரை மில்லிமீட்டர், ஜி தந்தி இரண்டு மில்லிமீட்டர் என்ற கணக்கு பலருக்கும் வசதி. கப்பலில் வந்து இறங்கிய பேஸ் அப்படியே இருக்காது. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களை இறக்கினால் போதும். இறக்க இன்னும் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அதே போல டிஸ்பிளேயில் மாதக்கணக்கில் எல்லோர் கையும் பட்ட தந்தி மங்கலாகத்தான் ஒலிக்கும். பக்கத்தில் புதுத் தந்தி மாட்டிய மலிவான பேஸ் பளிச்சென்று கேட்கும், அதை நல்ல பேஸ் என்று நினைத்துவிடக் கூடாது. பளிச்சென்று இருப்பதுதான் உயர்ந்தது என்றும் இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான மேற்பரப்புள்ள) தந்தியை, பழசானாலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு வாசித்தவர்.

இப்போது ஆம்பில் போடலாம். எந்த ஆம்ப் என்று பாருங்கள். சின்ன ப்ராக்டிஸ் ஆம்பில் எட்டு அங்குல ஸ்பீக்கர்தான் இருக்கும். திறந்த இ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ், அந்த ஸ்பீக்கரால் அதை உருப்படியாகக் கொடுக்க முடியாது. நீங்கள் கேட்பது பெரும்பாலும் 82, 123 என்று மேலே வரும் அதன் மடங்குகளைத்தான், அடிப்பகுதியை மூளை நிரப்பிக்கொள்கிறது. அதனால் பெரிய பேஸ் ஆம்ப் ஒன்று இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள். எல்லா டோன் குமிழ்களையும் நடுவில் வையுங்கள், எஃபெக்ட்டை அணையுங்கள். ஒப்பிடும் எல்லா பேஸையும் அதே ஆம்பில், அதே இடத்தில் நின்று வாசியுங்கள். இடம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். சாதாரணக் கடை அறையில் அது சுவர்களில் மோதித் திரும்பி, ஓரிடத்தில் கும்மென்றும் இரண்டடி தள்ளி ஒன்றுமே இல்லாமலும் கேட்கும். மூலையில் நின்று வாசித்த பேஸ்தான் கனமாகக் கேட்டது என்று முடிவெடுத்தால், நீங்கள் மூலையை வாங்குகிறீர்கள். சத்த அளவையும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் சத்தம் கூடுதலாக உள்ளது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். பேஸுக்குப் பேஸ் பிக்கப்பின் வெளியீடு மாறும், எனவே ஆம்பில் கூட்டிக் குறைத்துச் சமப்படுத்துங்கள்.

ஹம் என்று ஒரு ரீங்காரம் கேட்டால் பயப்படாமல் இரண்டு சோதனை செய்யுங்கள். ஜாஸ் வகையில் இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுருள்) பிக்கப்புகள் இருக்கும். ஒன்றை மட்டும் திறந்தால் ரீங்காரம் வரும், இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்து அடங்கும். அது குறை அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான். அடுத்து, தந்தியைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் உள்ளே எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் ஒயரிங்கில் கோளாறு. தொடும்போது விரலில் சுர்ரென்று ஷாக் அடித்தால் அது ப்ளக் பாயின்ட்டின் எர்த் சம்பந்தப்பட்டது, உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். குமிழ்களைத் திருப்பும்போது லேசாகக் கரகரப்பது தூசு, கவலை வேண்டாம். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும், அது தீரும் தறுவாயில் இருந்தால் சத்தம் உடைந்து கேட்கும். புது பேட்டரி போட்டுக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

என்ன வாசிப்பது என்றால், வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் அந்தப் பாட்டுகளையே வாசியுங்கள். உங்கள் விரல்களுக்கு அவை பழக்கம் என்பதால், வித்தியாசமாகத் தெரிவது பேஸின் வித்தியாசமாக இருக்கும். யாராவது வேகமாக ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் முறை) வாசித்துக் காட்டினால் ரசியுங்கள், ஆனால் அது அவர் கையின் ஒலி. வெட்கமாக இருந்தால் வார நாளில் காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். ஞாயிறு மாலையில் ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் கீபோர்டு என்று இருக்கும்போது தேர்ந்தவர்களுக்கே காது வேலை செய்யாது. மோதிரம், பெரிய பெல்ட் பக்கிள், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், கை துடைக்கத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பொருளை இவ்வளவு அக்கறையோடு தொடுகிறவரை ஒரு மணி நேரம் உட்கார வைக்க எந்தக் கடைக்காரரும் தயங்குவதில்லை. சென்னை வந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் நடக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பெரிய கடைகளில் பல பிராண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் வரிசை, கோர்ட் ஆக்‌ஷன், ஸ்குவயரின் தொடக்க வரிசை ஆகியவை உங்கள் பணத்தை ஒட்டியே பேசப்படும் பெயர்கள். எதை வாங்குவது என்று நான் பெயர் சொல்லாததற்குக் காரணம் மேலே எழுதியதுதான்: மாடலை விட, உங்கள் கையில் இருக்கும் அந்தப் பீஸ் முக்கியம். கிளம்பும் முன் போன் செய்து எந்தெந்த மாடல் கையிருப்பில் இருக்கிறது, ஒன்றுக்கு மேல் பீஸ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியவற்றில் நெக், ஃப்ரெட், எடை, சாய்வு, டெட் ஸ்பாட் பற்றியவை உறுதியானவை, நீங்களே சோதித்துச் சரிபார்க்கலாம். உறுதியில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். உடலுக்கு எந்த மரம் என்பதைப் பற்றிக் கடையில் நிறையக் கேட்பீர்கள். பிக்கப் காந்தத்தின் மூலம் தந்தியின் அசைவைத்தான் படிக்கிறது. மரம் அந்த அசைவை எந்த அளவுக்கு மாற்றிக் காதுக்குக் கொண்டுவருகிறது என்பதில் வாசிப்பவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. என் அபிப்பிராயத்தில், உங்கள் விலையில் மரத்தின் பெயருக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். வாசிக்க வாசிக்க பேஸ் திறந்துகொள்ளும் என்பதையும் நம்பி வாங்காதீர்கள், கடையில் பிடிக்காத சத்தம் ஆறு மாதத்தில் பிடித்துப்போகும் என்று எண்ண எனக்கு ஆதாரம் இல்லை.

கடைச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. குழுவோடு சேர்ந்து வாசிக்கும்போது எப்படிக் கேட்கும் என்பதை அது சொல்லாது. தனியாகக் கேட்க இனிமையாக, அடியும் மேலும் தூக்கலாக இருக்கும் பேஸ், கீபோர்டின் இடது கையும் பேஸ் டிரம்மும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். கடையில் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி கேட்ட நடு அலைவரிசைதான் குழுவுக்குள் ஸ்வரத்தைத் தெளிவாகக் காட்டும். போனில் நீங்கள் வாசிக்கும் பாட்டைப் போட்டு, ஆக்ஸ் வழியாக அதே ஆம்பில் விட்டு அதன் மேல் வாசித்தால் ஓரளவு பிடிபடும். அடுத்து, ஏசி அறையில் நேராக நிற்கும் நெக், வீட்டுச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பழகும்போது கொஞ்சம் நகரும். எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. அதனால் வாங்கும்போதே, ஒரு மாதம் கழித்து ஒரு முறை செட்டப் செய்து தருவார்களா என்று பேசிக்கொள்ளுங்கள். ஆன்லைன் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்தச் செட்டப்பிலேயே சரியாகிவிடும்.

போகவே முடியாத சூழ்நிலை என்றால் ஆன்லைனில் வாங்குவது பாவமில்லை. திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். அன்றைக்கே மேலே சொன்ன எல்லாச் சோதனையையும் வீட்டில் செய்யுங்கள். ஜி தந்தியில் ஒரு ஸ்வரம் செத்துக் கிடந்தாலோ நெக் முறுக்கியிருந்தாலோ ‘பழகிவிடும்’ என்று வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள். பழைய பேஸ் கிடைத்தால் அதே பணத்துக்கு ஒரு படி மேலான மாடல் வரும். அதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை: நெக் உடலோடு சேரும் இடத்தில் விரிசல், ட்ரஸ் ராட் நட் வழுக்கியிருப்பது, தந்திக்கு அடியில் ஃப்ரெட் பள்ளமாகத் தேய்ந்திருப்பது.

கடைசியாக ஐந்து தந்தி. தாழ்ந்த பி தந்தி 31 ஹெர்ட்ஸை ஒட்டியது. குறைந்த விலை பேஸ்களில் பெரும்பாலும் இந்தத் தந்திதான் தொளதொளவென்று ஒலிக்கும். உங்கள் சர்ச்சில் பாடகருக்காக ஸ்ருதியை இறக்கி டி, இ ஃப்ளாட் என்று பாடுவது வழக்கமாக இருந்தால் ஐந்து தந்தி உண்மையிலேயே உதவும், வாங்கலாம். ஆனால் கடையில் ஒரு சோதனை செய்துவிட்டு வாங்குங்கள். திறந்த இ தந்தியை மீட்டுங்கள், உடனே பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே ஸ்வரத்தை மீட்டுங்கள். இரண்டும் ஒரே பேஸின் சத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டாவது மந்தமாக, ஸ்ருதி நிலைக்காமல் இழுத்தால், அதே பணத்துக்கு நல்ல நான்கு தந்தி பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். டி ஸ்கேல் பாட்டு வரும்போது இ தந்தியின் டியூனிங் கீயைத் திருப்பி ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் தாழ்ந்த டி கிடைத்துவிடும். அந்த ஒரு தந்தியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போக வேண்டியிருக்கும். இரண்டு வாரப் பயிற்சியில் வந்துவிடும்.